சரக்கு அமெரிக்காவில் இறங்காது, ஃபைலிங் மட்டும் உண்டு: ஹவுஸ் பில் ஃபைலிங் சேவைகள் பற்றிய மதிப்பீடு

ஷிப்பர் (சரக்கை அனுப்புபவர்) திருப்பூர். கன்சைனி (பெறுபவர்) மெக்சிகோ. கப்பல் சரக்கு ரசீதான பில்லில் இறங்கு துறைமுகம் வெராகுரூஸ். அமெரிக்கா என்ற பெயரே எந்தக் காகிதத்திலும் கிடையாது. ஆனால் பெருங்கப்பலான மதர் வெசல் வெராகுரூஸுக்கு முன்னால் ஹூஸ்டனைத் தொடுகிறது என்றால், அந்தப் பெட்டி கப்பலை விட்டு ஓரடி நகராவிட்டாலும் அமெரிக்கச் சுங்கமான சிபிபிக்கு முன்கூட்டியே கணக்குச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் ஏறி, அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பலிலேயே இருந்து, மறுபடி வெளிநாட்டில் இறங்கும் இந்தச் சரக்கைத் தொழிலில் எஃப்ஆர்ஓபி என்பார்கள். நியூயார்க்கைத் தொட்டு ஹாலிஃபாக்ஸ் போவதும், மயாமியைத் தொட்டு கிங்ஸ்டன் போவதும் இதே கதைதான்.

முன்கூட்டியே விவரம் தாக்கல் செய்யும் இந்த ஃபைலிங்கைச் செய்துகொள்ள மூன்று வழிகள் இருக்கின்றன. கப்பல் லைனிடமே கொடுத்துவிடுவது ஒன்று. பில்லுக்கு இவ்வளவு என்று வாங்கும் இணையதளச் சேவையை எடுப்பது இன்னொன்று. நம் ஃபார்வர்டிங் மென்பொருளையே சிபிபியோடு நேரடியாக இணைப்பது மூன்றாவது. சென்னை, தூத்துக்குடி, கொச்சியில் ஷிப்பருக்குத் தங்கள் பெயரிலேயே பில் (ஹவுஸ் பில்) போடும் சிறிய, நடுத்தர ஃபார்வர்டர்களை (சரக்கு அனுப்பும் முகவர்களை) மனதில் வைத்து இந்த மூன்றையும் எடைபோடுகிறோம். நிறுவனப் பெயர்கள் இங்கே இல்லை. ஒரே சேவை ஒரு ஊரில் நல்ல ஆள் கையில் நன்றாக ஓடும், இன்னொரு ஊரில் சொதப்பும். எதைக் கேட்டு, எதைப் பார்த்து வாங்குவது என்பதே வாங்குபவருக்கு உதவும்.

முதலில், இது யார் வேலை?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் சேவை வாங்குவது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். 10+2 என்று நாம் சொல்லும் ஐஎஸ்எஃப் (இறக்குமதிப் பாதுகாப்பு அறிக்கை) விதி 2009 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது எஃப்ஆர்ஓபி சரக்குக்கு ஐஎஸ்எஃப் போடும் பொறுப்பு கப்பல் நிறுவனத்தின் தலையில் இருந்தது. ஆனால் லைன் கொடுக்கும் மாஸ்டர் பில்லில் ஷிப்பராக நிற்பவர் ஃபார்வர்டர், கன்சைனியாக நிற்பவர் அவருடைய ஏஜென்ட். உண்மையில் சரக்கை அனுப்புவது யார், அது யார் வாசலில் போய் இறங்கும் என்பது லைனுக்குத் தெரியாது. ஃபார்வர்டரிடம் கேட்டால் அவர் தயங்குவார். நேரடி வியாபாரமும் செய்கிற ஒரு லைனிடம் தன் வாடிக்கையாளர் பட்டியலை யார் நீட்டுவார்கள்?

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 2018 ஏப்ரல் 12 அன்று சிபிபி இறுதி விதி ஒன்றை வெளியிட்டது. மே 14 முதல் அமல். அதன்படி எஃப்ஆர்ஓபி சரக்கில் ஐஎஸ்எஃப் போட வேண்டியவர் என்ற விளக்கத்துக்குள், சொந்தக் கப்பல் இல்லாமல் சொந்தப் பில் போடும் ஃபார்வர்டரான என்விஓசிசியும் வந்துவிட்டார். ஹவுஸ் பில் நீங்கள் போட்டிருந்தால் பொறுப்பு உங்களுடையது. லைன் நேராக ஷிப்பருக்கே பில் கொடுத்திருந்தால் லைனுடையது. சரக்கு எங்கே போகிறது என்பதைப் பார்ப்பதற்கு முன் பில் யாருடையது என்று பாருங்கள். சேவை விற்க வருபவர் இந்த வித்தியாசத்தை ஒரு நிமிடத்தில் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இரண்டு ஃபைலிங், இரண்டு கடிகாரம்

ஏஎம்எஸ், ஐஎஸ்எஃப்-5 இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏஎம்எஸ் என்பது சரக்குப் பட்டியல், அதாவது மேனிஃபெஸ்ட். அமெரிக்கா நோக்கிப் போகும் கப்பலில் பெட்டி ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே அது போயிருக்க வேண்டும். கப்பலிலேயே இருந்து கடந்துபோகும் சரக்குக்கும் இதில் விலக்கு இல்லை. ஐஎஸ்எஃப்-5 ஐந்து விவரம் கொண்ட தனிப் பாதுகாப்பு அறிக்கை. எஃப்ஆர்ஓபிக்கு அது கப்பலில் ஏறுவதற்கு முன் எப்போது போனாலும் சரி. ஆனால் அமெரிக்காவில் இறங்கி, பாண்டின் (சுங்கத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதப் பத்திரத்தின்) பேரில் கடந்துபோகும் சரக்குக்கு ஐஎஸ்எஃப்-5-க்கும் அதே 24 மணி நேரக் கெடு உண்டு. இந்த வேறுபாட்டைத் திரையிலேயே காட்டும் சேவைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கெடுவைப் போட்டு வைத்திருப்பவையும் உண்டு. பின்னது ஆபத்தில்லைதான், ஆனால் தேவையில்லாமல் அவசரக் கட்டணம் வாங்க அது ஒரு சாக்காகிவிடும்.

24 மணி நேரம் எந்தத் துறைமுகத்தில் எண்ணப்படுகிறது என்பதும் முக்கியம். தூத்துக்குடியில் சிறு இணைப்புக் கப்பலான ஃபீடரில் ஏறும் நேரம் சட்டத்தின் கடிகாரம் இல்லை. கொழும்பில் மதர் வெசலில் ஏறும் நேரம்தான் கடிகாரம். ஆனால் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு கூப்பிடு தூரம். ஃபீடர் போய்ச் சேர்ந்து மறுநாளே மதர் வெசல் என்று இணைப்பு அமைந்தால், பெட்டி கடலில் இருக்கும்போதே கெடு கடந்துவிடும். அதனால்தான் பல லைன்கள் ஃபீடர் ஏற்றும் முன்னரே ஏஎம்எஸ் ஏற்கப்பட்ட செய்தியைக் கேட்கின்றன. அவர்கள் கேட்பது நியாயம். ஃபைலிங் ஏற்கப்படாத பெட்டி கப்பல் மாறும் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால் அங்கே ஏறும் வாடகை யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நேரம் என்றதும் இன்னொன்று. சில தளங்கள் கெடுவை அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தில் காட்டுகின்றன. அவர்களுடைய கோடைக்கால நேரத்தில் அது நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் மாறும் வாரங்களில் இதை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் ஒரு மணி நேர வித்தியாசத்தில் கெடுவைத் தவறவிடலாம். ஏற்றும் துறைமுகத்தின் உள்ளூர் நேரத்தைக் காட்டும் சேவைக்கே எங்கள் ஓட்டு.

ஐஎஸ்எஃப்-5-இன் ஐந்து கட்டங்கள்

புக்கிங் பார்ட்டியின் பெயர், முகவரி, வெளிநாட்டு இறங்கு துறைமுகம், சேரும் இடம், சரக்கைப் பெறுபவரின் பெயர், முகவரி, பொருளின் வகையைக் குறிக்கும் ஆறு இலக்க எச்எஸ் எண். இவ்வளவுதான். பார்க்கச் சின்னது, பிழை செய்ய இடம் நிறைய.

புக்கிங் பார்ட்டி என்ற கட்டத்தில் ஃபார்வர்டர் தன் பெயரையே போட்டுவிடுவதுதான் அடிக்கடி கண்ணில் படும் தவறு. கப்பலில் இடம் வேண்டும் என்று இந்தச் சரக்குக்காக முதலில் கேட்டவர் யாரோ அவரே அந்தப் பார்ட்டி. திருப்பூர் ஏற்றுமதியாளர் உங்களிடம் புக்கிங் கொடுத்தார் என்றால் அங்கே அவர் பெயர் வர வேண்டும். நல்ல தளம் இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கேட்கும். மோசமான தளம் உங்கள் கணக்குப் பெயரைத் தானாக நிரப்பி வைத்திருக்கும், நீங்களும் பார்க்காமல் அனுப்பிவிடுவீர்கள். சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் இந்தக் கட்டம் எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள்.

எச்எஸ் எண்ணில் சிக்கல் குறைவு. இந்தியச் சுங்கத்துக்குப் போடும் ஷிப்பிங் பில்லில் இருக்கும் எட்டு இலக்கத்தின் முதல் ஆறு போதும். பருத்திப் பின்னலாடை டி-ஷர்ட் என்றால் 610910. தென்னை நார் தரைவிரிப்பு என்றால் 570220. ஒரு ஹவுஸ் பில்லில் நான்கு வகைப் பொருள் இருந்தால் நான்கு எண்ணும் போக வேண்டும். ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் இடம் வைத்திருக்கும் தளத்தை எடுக்காதீர்கள்.

ஐஎஸ்எஃப்-5-இல் கப்பல் பெயரோ வாயேஜ் எண்ணோ கிடையாது. பில் எண்ணை வைத்துத்தான் அது ஏஎம்எஸ்ஸோடு பொருந்துகிறது. ஆகவே பெட்டி ரோல்-ஓவர் ஆகி அடுத்த கப்பலுக்குப் போனால் ஏஎம்எஸ்ஸில் கப்பலை மாற்ற வேண்டும். ஐஎஸ்எஃப்-5-ஐத் தொட வேண்டியதில்லை. ரோல்-ஓவருக்கு இரண்டு திருத்தக் கட்டணம் கேட்கும் சேவையிடம் இரண்டாவது எதற்கு என்று கேளுங்கள்.

வழி ஒன்று: லைனிடமே கொடுத்துவிடுவது

ஹவுஸ் பில் விவரங்களை லைனின் படிவத்தில் நிரப்பிக் கொடுத்தால் அவர்கள் தங்கள் பெயரில் ஏஎம்எஸ் போட்டுவிடுவார்கள். ஏஎம்எஸ் கணக்கு இல்லாத என்விஓசிசிக்கு விதி சொல்லும் வழியும் இதுதான்: விவரம் முழுவதையும் லைனிடம் ஒப்படைக்க வேண்டும். சொந்தக் கேரியர் கோடு (அடையாளக் குறியீடு) வேண்டாம், பாண்ட் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். மாதத்துக்கு ஓரிரு பில் என்றால் கணக்கில் மலிவும் இதுவே.

ஆனால் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும். முதலாவது மேலே சொன்ன வியாபார ரகசியம். உங்கள் ஷிப்பரும் வெளிநாட்டுப் பெறுபவரும் லைனின் கணினியில் முழு முகவரியோடு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டாவது, லைனின் கட்-ஆஃப் (விவரம் கொடுக்கும் கடைசி நேரம்) சட்டத்தின் கெடுவைவிட ஒன்றிரண்டு நாள் முன்னால் இருக்கும். பலர் சரக்கு ஒரே பெட்டியில் போகும் எல்சிஎல்லில் கடைசி ஷிப்பர் அட்டைப்பெட்டி எண்ணிக்கையைச் சொல்வதே பெட்டியை நிரப்பும் ஸ்டஃபிங் அன்று மாலைதான். அந்த வேகத்துக்கு இது ஒத்துவராது. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: லைன் ஏஎம்எஸ் போட்டது என்பதற்காக ஐஎஸ்எஃப்-5-உம் போட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஹவுஸ் பில் உங்களுடையதாக இருக்கும்வரை அந்தப் பொறுப்பு உங்களிடமே இருக்கிறது. லைன் உங்கள் சார்பில் அதைப் போடுகிறதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், அதிகாரப் பத்திரமும் கொடுத்திருக்க வேண்டும்.

கட்டணம் சுமார் முப்பது டாலரை ஒட்டி ஒரு பில்லுக்கு வரும், திருத்தத்துக்குத் தனி. எல்சிஎல் பெட்டியில் பதினைந்து ஹவுஸ் பில் இருந்தால் பதினைந்து முறை. அந்த இடத்தில் இந்த வழியின் மலிவு முடிந்துபோகிறது. எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அதுவும் எப்போதாவது ஒரு முழுப் பெட்டி (எஃப்சிஎல்) அனுப்புபவருக்கு.

வழி இரண்டு: இணையதளச் சேவை

பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது இதுதான். நீங்கள் ஸ்கேக் கோடு வாங்க வேண்டும். அமெரிக்காவின் என்எம்எஃப்டிஏ அமைப்பு அதைக் கொடுக்கிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், ஏஎம்எஸ்ஸுக்கு நான்கு எழுத்துக் கோடு வேண்டும். அதோடு சிபிபியிடம் சர்வதேச கேரியர் பாண்ட், அதாவது மூன்றாம் வகை பாண்ட். குறைந்தபட்சத் தொகை 50,000 டாலர். தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பொறுப்பின் வரம்பு. கையிலிருந்து போவது காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டும் ஆண்டுப் பிரீமியம் மட்டும். இந்த ஒரே பாண்ட் ஏஎம்எஸ்ஸுக்கும் எஃப்ஆர்ஓபி ஐஎஸ்எஃப்-5-க்கும் சேர்த்துப் பயன்படும். அமெரிக்கக் கடல்வழி வர்த்தகக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்எம்சியிடம் பதிவு செய்ய வெளிநாட்டு என்விஓசிசி காட்டும் 150,000 டாலர் பாண்ட் முற்றிலும் வேறு. அது இருக்கிறது என்பதற்காகச் சுங்க பாண்ட் இருப்பதாக ஆகாது. இரண்டையும் குழப்பி விற்கிற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள், பத்திரத்தின் தலைப்பைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சில சேவைகள் "உங்களுக்கு எதுவும் வேண்டாம், எங்கள் கோடு, எங்கள் பாண்டில் போட்டுத்தருகிறோம்" என்கின்றன. வசதிதான். ஆனால் அப்படிப் போனால் சிபிபியின் பதிவில் உங்கள் ஹவுஸ் பில் அவர்கள் கோட்டின் கீழ் இருக்கும், உங்கள் கையிலுள்ள பில்லில் வேறு எண் இருக்கும். பின்னால் ஒரு தடை வந்தால் எந்த எண்ணை வைத்துத் தேடுவது என்பதிலேயே அரைநாள் போய்விடும். மாதம் பத்துப் பில்லைத் தாண்டினால் சொந்தக் கோடு எடுத்துவிடுவது நல்லது. எப்படியானாலும் ஐஎஸ்எஃப்-ஐ உங்கள் சார்பில் போடுபவருக்கு அதிகாரப் பத்திரம் தேவை. அதைக் கேட்காமலே வேலையைத் தொடங்கும் சேவையை நம்பாதீர்கள்.

இந்த வகைச் சேவைகளில் நல்லது கெட்டதைப் பிரிப்பது ஒரே விஷயம்: திரும்பி வரும் செய்தியை உங்களுக்குக் காட்டுகிறதா? "அனுப்பப்பட்டது" என்பது ஒரு நிலை. சிபிபி ஏற்றுக்கொண்டது என்பது வேறு நிலை. ஐஎஸ்எஃப் பில்லோடு பொருந்தியது என்பது மூன்றாவது. ஏற்றாதே என்ற தடை வந்திருக்கிறதா என்பது நான்காவது. இந்த நான்கையும் தனித்தனியாக, நேரத்தோடு, பில் வாரியாகக் காட்டாத தளத்துக்கு எவ்வளவு குறைந்த கட்டணமானாலும் போகாதீர்கள். பச்சை நிறத்தில் "முடிந்தது" என்று காட்டிவிட்டு, உள்ளே நிராகரிப்புச் செய்தி மின்னஞ்சலில் கிடக்கும் தளங்கள் உண்டு. பொய்த் தகவலை நிஜ அமைப்பில் அனுப்பிச் சோதிக்கக் கூடாது. பயிற்சித் தளம் கேளுங்கள். நிராகரிக்கப்பட்ட ஒரு பழைய பில் அவர்கள் திரையில் எப்படித் தெரிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

நிராகரிப்பு எங்கே வருகிறது?

நம் ஊர் பழக்கத்திலிருந்துதான் பாதி வருகிறது. ஹவுஸ் பில் எண்ணை "எம்ஏஏ/விஇஆர்/2024-25/00123" என்று நிதியாண்டு, சாய்கோடு எல்லாம் போட்டு எழுதுவோம். ஏஎம்எஸ்ஸில் கோடு நீங்கலாகப் பில் எண்ணுக்குப் பன்னிரண்டு இடம்தான். எழுத்தும் எண்ணும் மட்டும். சேவையின் பணியாளர் சாய்கோடுகளை நீக்கி, நீளத்தை வெட்டித் தானே ஒரு எண் உருவாக்கி அனுப்புவார். ஐஎஸ்எஃப்-5-ஐப் போடும் இன்னொருவர் வேறுமாதிரி வெட்டுவார். இரண்டும் பொருந்தாது. தீர்வு எளிது: அமெரிக்கா தொடும் வழித்தடங்களுக்கு "எம்ஏஏ24000123" போலப் பதினோரு இடத்தில் முடியும் எண் வரிசையை நீங்களே வகுத்து, அச்சிடும் பில்லிலும் அதையே போடுங்கள். அச்சில் ஸ்கேக் கோட்டை முன்னால் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த முழு எண்ணையும் கட்டத்தில் ஒட்டினால் மென்பொருள் தன் பங்குக்குக் கோட்டை மறுபடி முன்னால் சேர்க்கும். இரட்டைக் கோடு என்று எச்சரிக்கும் தளங்கள் இருக்கின்றன. அது சிறு வசதி போலத் தெரிந்தாலும் பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

அடுத்தது எண்ணிக்கை. மிகச் சிறிய வெளிக்கட்டு எதுவோ அதை எண்ண வேண்டும். இருபது பேலட், ஒவ்வொன்றிலும் நாற்பது அட்டைப்பெட்டி என்றால் 800 அட்டைப்பெட்டி. "20 பேலட்" என்று போடுவது தவறு, "1 கன்டெய்னர்" என்று போடுவது அதைவிடத் தவறு. பொருள் விவரத்தில் "ஜெனரல் கார்கோ", "எஃப்ஏகே" (எல்லா வகைச் சரக்கும்), "கெமிக்கல்" போன்றவை செல்லாது. பருத்திப் பின்னல் டி-ஷர்ட் என்றால் அப்படியே எழுதுங்கள். கன்சைனி இடத்தில் "டு ஆர்டர்" (பெறுபவர் பெயர் சொல்லாமல்) மட்டும் போட்டுவிட்டு, தகவல் சொல்ல வேண்டிய நோட்டிஃபை பார்ட்டியின் முழு முகவரியை விட்டுவிட்டாலும் திரும்பி வரும்.

எல்சிஎல்லில் கூடுதல் சிக்கல், பெட்டி மாறுவது. சென்னையில் ஒரு கன்டெய்னரில் போட்ட சரக்கு, கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பிரிக்கப்பட்டு வேறு கன்டெய்னரில் ஏறும். அமெரிக்கா தொடும் கப்பலில் எது ஏறுகிறதோ அந்தக் கன்டெய்னர் எண்ணும் சீல் எண்ணும்தான் ஏஎம்எஸ்ஸில் இருக்க வேண்டும். அந்த எண்ணை அங்குள்ள ஏஜென்ட் அனுப்புவதற்குள் கெடு நெருங்கிவிடும். கப்பல் மாறும் துறைமுகத்து ஏஜென்டும் உள்ளே நுழைந்து கன்டெய்னர் எண்ணை மட்டும் திருத்தும்படி தனி அனுமதி கொடுக்கும் தளங்களைத் தேடிப் பிடியுங்கள். இதற்காகக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். ஒரே பெட்டியில் இருக்கும் பதினைந்து பில்லில் ஒன்றுக்கு "ஏற்றாதே" வந்தால் மற்ற பதினான்கு பேரின் சரக்கும் சேர்ந்தே நிற்கும்.

கோ-லோடிங் இருந்தால் இன்னும் நுணுக்கம். உங்கள் சரக்கைப் பெரிய கன்சாலிடேட்டரின் பெட்டியில் போடுகிறீர்கள். அவர் உங்களுக்கு ஒரு பில் கொடுக்கிறார்; நீங்கள் ஷிப்பருக்கு ஒரு பில் கொடுக்கிறீர்கள். சிபிபிக்குப் போக வேண்டியது கடைசி மட்டத்தில் இருக்கும் பில், அதாவது உண்மையான ஷிப்பரின் பெயர் இருக்கும் உங்கள் பில். நீங்களும் போட்டு அவரும் போட்டால் ஒரே சரக்கு இரண்டு முறை தெரியும். அவர் போடுவார் என்று நீங்களும், நீங்கள் போடுவீர்கள் என்று அவரும் இருந்துவிட்டால் எதுவும் போயிருக்காது. ஒவ்வொரு புக்கிங்கிலும் "ஏஎம்எஸ் யார், ஐஎஸ்எஃப்-5 யார், லைனின் மாஸ்டர் பில் எண் என்ன" என்ற மூன்று வரியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரூட் மாறினால்

புக்கிங் எடுக்கும்போது ஹாலிஃபாக்ஸ் முதல் துறைமுகம், நியூயார்க் இரண்டாவது. ஹாலிஃபாக்ஸில் இறங்கும் சரக்கு அப்போது அமெரிக்காவைத் தொடவே இல்லை. நடுவில் துறைமுக வரிசை (ரொட்டேஷன்) மாறி நியூயார்க் முன்னால் வந்தால் அதே சரக்கு எஃப்ஆர்ஓபி ஆகிவிடுகிறது. 2023 இறுதியில் செங்கடல் பிரச்சினையால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியதிலிருந்து அட்டவணை எதுவும் கல்லில் எழுதியதாக இல்லை. கப்பலின் அட்டவணையைத் தானாகப் பார்த்து, "இந்தப் பில் இப்போது அமெரிக்கா தொடுகிறது" என்று எச்சரிக்கும் வசதி விலை உயர்ந்த சேவைகளில்தான் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு எங்கள் யோசனை: கனடா, மெக்சிகோ, கரீபியன் புக்கிங் எல்லாவற்றுக்கும் ஐஎஸ்எஃப்-5-இன் ஐந்து விவரங்களை முதல் நாளே ஷிப்பரிடம் வாங்கி வைத்துவிடுங்கள். தேவைப்படாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. தேவைப்பட்டால் சனிக்கிழமை இரவு ஷிப்பரைத் தேட வேண்டியதில்லை.

சனிக்கிழமை இரவு என்றதும், உதவி எண் எப்போது எடுக்கப்படும் என்பதையும் விசாரியுங்கள். அமெரிக்க அலுவலக நேரம் மட்டும் என்றால், நம் காலை வேளையில் வரும் நிராகரிப்புக்கு மாலைவரை காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இறங்கிக் கடக்கும் சரக்கு

லாங் பீச்சில் இறங்கி, லாரியில் லரேடோ வழியாக மெக்சிகோ போகும் சரக்கு எஃப்ஆர்ஓபி அல்ல. அது பாண்டில் கடக்கும் சரக்கு. 62-ஆம் வகை, டி அண்ட் இ (வேறு துறைமுகத்துக்குக் கொண்டுபோய் ஏற்றுமதி). இறங்கிய துறைமுகத்திலிருந்தே வேறு கப்பலில் வெளியேறினால் 63-ஆம் வகை, ஐஇ (உடனடி ஏற்றுமதி). இரண்டுக்கும் ஐஎஸ்எஃப்-5 உண்டு. போட வேண்டியவர் என்ற வட்டத்துக்குள் சரக்கின் உரிமையாளர், வாங்குபவர், கன்சைனி, அல்லது கஸ்டம்ஸ் புரோக்கர் போன்ற அவர்களுடைய ஏஜென்ட் வருகிறார்கள். கூடவே இன்-பாண்ட் விண்ணப்பமும் மின்னணுவில் போக வேண்டும். 2017 நவம்பர் 27 முதல் அமலான விதியின்படி, லாரியோ ரயிலோ எதுவானாலும் 30 நாளுக்குள் சரக்கு வெளியேறும் துறைமுகத்தைச் சேர வேண்டும். சேர்ந்த தகவல் இரண்டு வேலை நாளுக்குள் பதிவாக வேண்டும், வெளியேறிய தகவலும் அப்படியே.

இங்கே பெரும்பாலான இணையதளச் சேவைகள் பாதியில் நின்றுவிடுகின்றன. இன்-பாண்டைத் திறந்துவிடுவார்கள், மூடுவது யார் என்று கேட்டால் பதில் வராது. லாரி ஓட்டுநர் எல்லையைத் தாண்டிவிட்டார், மெக்சிகோக் கன்சைனி சரக்கை வாங்கிவிட்டார், சிபிபி பதிவில் மட்டும் அது இன்னும் அமெரிக்காவுக்குள் தொலைந்த சரக்காக நிற்கும். பாண்டின் மேல் நோட்டீஸ் வருவது இப்படித்தான். ஆகவே இந்த வேலைக்கு எல்லையில் ஆள் உள்ள அமெரிக்க கஸ்டம்ஸ் புரோக்கரையே நேராக எடுங்கள்; தளத்தை ஐஎஸ்எஃப்-5-க்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் மனம் மாறி சரக்கை அமெரிக்காவிலேயே விற்கத் தீர்மானித்தால், ஐந்து விவரம் போதாது. முழுப் பத்து விவர ஐஎஸ்எஃப் போட வேண்டும். அந்த மாற்றத்தை உங்கள் சேவை கையாளுமா என்று முன்பே கேட்டுவையுங்கள்.

வழி மூன்று: சொந்த இணைப்பு

ஃபார்வர்டிங் மென்பொருளிலிருந்தே பில் நேராகச் சிபிபிக்குப் போவது. ஒருமுறை தட்டச்சு செய்தது பில்லிலும் ஏஎம்எஸ்ஸிலும் ஐஎஸ்எஃப்-5-இலும் ஒரே மாதிரி போகிறது. மேலே சொன்ன பொருத்தப் பிழைகளில் பெரும்பங்கு மறைந்துவிடும். ஆனால் தொடக்கச் செலவும், தகுதிச் சோதனையும், அதைப் புரிந்த ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆள் விடுப்பில் போனால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் வேண்டும். தினமும் பில் ஓடும் கன்சாலிடேட்டருக்கு ஐந்துக்கு நாலரை. மற்றவர்களுக்கு இது ஆட்டோ ஓட்ட லாரி வாங்குவது மாதிரி.

இணையதளச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறோம், திரும்பிவரும் செய்திகளைக் காட்டினால். காட்டாவிட்டால் ஒன்றுகூட இல்லை.

ஒரு நாட்டோடு முடிவதில்லை என்பதையும் கவனியுங்கள். கனடாவில் இறங்கும் சரக்குக்கு ஃபார்வர்டரே எட்டில் தொடங்கும் கேரியர் கோடு எடுத்து, கப்பலில் ஏற்ற 24 மணி நேரம் முன்பு ஹவுஸ் பில் விவரம் அனுப்ப வேண்டும். கப்பல் ஐரோப்பாவைத் தொட்டால் அங்கே ஐசிஎஸ்2 என்ற முன்னறிக்கை முறை. கடல் வழியில் ஹவுஸ் பில் போடுபவர்களுக்கான கட்டம் 2024 டிசம்பர் 4-இல் தொடங்கியது, கப்பலிலேயே கடந்துபோகும் சரக்குக்கும் அறிக்கை வேண்டும். மூன்றையும் ஒரே திரையில் செய்யும் தளத்துக்குக் கட்டணம் சற்றுக் கூடுதல் என்றாலும் கொடுக்கலாம், ஏனெனில் ஒரே பெட்டி ஒரே பயணத்தில் இவற்றில் இரண்டு இடங்களைத் தொடுவது நம் வழித்தடங்களில் சாதாரணம்.

அபராதக் கணக்கு

தாமதமான, தவறான, அல்லது போடாத ஐஎஸ்எஃப் ஒவ்வொன்றுக்கும் 5,000 டாலர்வரை பாண்டின் மேல் கேட்கப்படலாம். மேனிஃபெஸ்ட் மீறலுக்கான சட்டப் பிரிவில் முதல் முறை 5,000, அடுத்தடுத்து 10,000 டாலர். பணத்தைக் கேட்டு வருபவர் பாண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் வருவார். "பிழை எங்களுடையது என்றால் அபராதத்தை நாங்களே ஏற்போம்" என்று விளம்பரம் செய்யும் சேவைகளின் ஒப்பந்தத்தில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் அந்தப் பில்லின் ஃபைலிங் கட்டணம்வரை மட்டும் என்று சுருக்கப்பட்டிருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். தொகையை உயர்த்தச் சொல்லிப் பேரம் பேசலாம். சிலர் இறங்கி வருவார்கள்.

சேவையை மாற்றும் நாள் வந்தால் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சுங்கப் பதிவேட்டு விதிகளின் பொதுக் கால அளவு 5 ஆண்டு. அனுப்பிய விவரம், ஏற்ற செய்தி, பொருந்திய செய்தி, ஒவ்வொரு திருத்தத்தின் நேரம் ஆகியவை பில் எண் வாரியாக ஒரே கோப்பில் கிடைக்க வேண்டும். கணக்கு மூடப்பட்ட முப்பதாவது நாள் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், மாதம் ஒருமுறை பதிவிறக்கி வைக்கும் வேலையை இன்றே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.